கண்டிச் சீமையும் கடவுச்சீட்டும்

கட்டுநாயக்க விமான நிலையத்தில் 2024ஆம் ஆண்டு மே மாதம் முதலாம் திகதி எழுந்த ஒரு குரல் நாடெங்கும் எதிரொலித்தது. எமது நாட்டின் வீசாவை வழங்கும் கருமபீடத்தில் வெளிநாட்டு நிறுவனமொன்றுக்கு என்ன வேலை என்பதே அக்குரலின் சாரம். அதன் பின்னரே விவகாரம் முழுமையாக வெளிச்சத்துக்கு வந்தது. 2012 முதல் நடைமுறையிலிருந்த ஈ.ரி.ஏ. எனப்படும் இலத்திரனியல் பயண அனுமதி முறை 2024 ஏப்ரல் 17ஆம் திகதி கைவிடப்பட்டு, வி.எப்.எஸ். குளோபல் உள்ளிட்ட நிறுவனக் கூட்டிடம் அப்பணி ஒப்படைக்கப்பட்டிருந்தது. முன்னர் 50 டொலருடன் முடிந்த காரியத்துக்கு 75 டொலர் வீசாக் கட்டணமும், சேவைக் கட்டணமாக 18.50 டொலரும், வசதிக் கட்டணம் என்ற பெயரில் மேலும் 7.27 டொலரும் அறவிடப்பட்டன. கூட்டிப்பார்த்தால் நூறு டொலருக்கு மேல். 'வசதி' யாருக்கு என்று கேட்டவர்களுக்கு அன்றைய அரசாங்கத்திடமிருந்து தெளிவான பதில் கிடைக்கவில்லை.

கேள்விப்பத்திரம் கோரப்படாமலேயே இவ்வொப்பந்தம் வழங்கப்பட்டமை தொடர்பில் பாராளுமன்றத்தின் அரசாங்க நிதி பற்றிய குழு கேள்வி எழுப்பியது. கண்டி மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர் ரவூப் ஹக்கீம், எம்.ஏ. சுமந்திரன், பாட்டலி சம்பிக்க ரணவக்க ஆகியோர் உயர் நீதிமன்றத்தை நாடினர். ஒரு முஸ்லிம் தலைவரும் ஒரு தமிழ்த் தலைவரும் சிங்களத் தேசியவாத முகாமிலிருந்து வந்த ஓர் அரசியல்வாதியும் ஒரே விடயத்துக்காக நீதிமன்றப் படியேறுவது இந்நாட்டில் அடிக்கடி காணக்கிடைக்கும் காட்சியன்று. 2024 ஆகஸ்ட் 2ஆம் திகதி உயர் நீதிமன்றம் புதிய முறையை இடைநிறுத்திப் பழைய ஏற்பாட்டை மீண்டும் நடைமுறைப்படுத்துமாறு இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. அவ்வுத்தரவு உடனடியாக நிறைவேற்றப்படவில்லை. நீதிமன்ற அவமதிப்புக்காக அப்போதைய குடிவரவு குடியகல்வுக் கட்டுப்பாட்டாளர் நாயகம் செப்டெம்பர் 25ஆம் திகதி விளக்கமறியலில் வைக்கப்பட்டதன் பின்னரே, அம்மாத இறுதியில் ஈ.ரி.ஏ. மீண்டும் இயங்கத் தொடங்கியது. நாட்டின் அதியுயர் நீதிமன்றத்தின் கட்டளையை எட்டு வாரங்கள் வரை கிடப்பில் போட்டுவைக்கும் துணிவு ஒரு திணைக்களத்துக்கு எங்கிருந்து வந்தது என்பதே எம்மைப் பொறுத்தவரை கட்டண உயர்வைவிடப் பாரதூரமான கேள்வியாகும்.

கட்டணக் குளறுபடியின் பாதிப்பைக் கொழும்பைவிடக் கண்டி நன்கறியும். தலதா மாளிகையையும் பேராதனைத் தாவரவியல் பூங்காவையும் எசல பெரஹராவையும் நம்பி விருந்தினர் விடுதி நடத்துபவர், இரத்தினக்கல் கடை வைத்திருப்பவர், வாசனைத் திரவியத் தோட்டக்காரர், முச்சக்கரவண்டி ஓட்டுநர் என இங்கு வாழும் குடும்பங்கள் ஏராளம். அவற்றில் முஸ்லிம், தமிழ்க் குடும்பங்களின் தொகையும் சிறிதன்று. 2018இல் 23 இலட்சத்தைத் தாண்டிய வருகை 2019 ஏப்ரல் குண்டுத்தாக்குதல்களாலும் பெருந்தொற்றாலும் பொருளாதார நெருக்கடியாலும் சரிந்து, 2024இல்தான் மீண்டும் 20 இலட்சத்தைக் கடந்தது. இந்தியா, சீனா, ரஷ்யா உள்ளிட்ட ஏழு நாடுகளின் பயணிகளுக்கு 2023 இறுதியில் கட்டணமற்ற வீசாவை அறிவித்த அதே அரசாங்கம், சில மாதங்களுக்குள் ஏனைய நாட்டவரிடம் இரட்டிப்புத் தொகை கேட்டது. ஒரு கையால் விளக்கேற்றி மறு கையால் ஊதி அணைத்த கதைதான் இது.

எனினும் வீசா என்றால் உல்லாசப் பயணி, டொலர், விமான நிலையம் என்று மட்டும் எண்ணுவது கண்டிக்குப் பொருந்தாது. கடலும் துறைமுகமும் இல்லாத இந்த மலைநகரைப் போல எல்லைக் கட்டுப்பாட்டின் கனதியைச் சுமந்த ஊர் இலங்கையில் வேறொன்று இருக்குமா என்பது ஐயமே. தமிழகத்தின் இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிப் பக்கத்துக் கிராமங்களில் மலையகம் முழுவதற்கும் 'கண்டிச் சீமை' என்றே பெயர். கண்டிக்குப் போனவர் என்றால் ஹட்டனுக்குப் போனவரும் அதில் அடக்கம், பதுளைக்குப் போனவரும் அடக்கம். அன்று அவர்களிடம் வீசா கேட்கப்படவில்லை. ஆனால் கட்டுப்பாடு இல்லாமலுமில்லை. இலங்கை அரசாங்கம் இந்திய மண்ணிலேயே நடத்திய மண்டபம் முகாமில் தொழிலாளர்கள் தடுத்துவைக்கப்பட்டு, நோய்ப் பரிசோதனை செய்யப்பட்ட பின்னரே தனுஷ்கோடிக் கப்பலுக்கு அனுப்பப்பட்டனர். அதே மண்டபம் பிற்காலத்தில் தாயகம் திரும்பியோருக்கும், அதற்கும் பின்னர் போருக்குத் தப்பி ஓடியவர்களுக்கும் முகாமாயிற்று.

இந்திய அரசாங்கம் தனது முகவரின் அலுவலகத்தை ஆங்கிலேயர் காலத்திலேயே கண்டியில் அமைத்திருந்தது. தொழிலாளர்களின் கூலி, நலன், குடிப்பெயர்வு ஆகியவற்றைக் கவனிப்பதே அவரது பணி. 1939இல் இலங்கை அரசாங்கம் தனது திணைக்களங்களில் நாட்கூலிக்கு வேலை செய்த இந்தியர்களை நீக்க முற்பட்டபோது, இந்தியா பதிலடியாகத் தொழிலாளர் இலங்கைக்குப் புறப்படுவதையே தடைசெய்தது. பாக்குநீரிணையில் முதலாவது பெரிய கதவு சாத்தப்பட்டது அப்போதுதான். சாத்தியது டில்லி என்பதை இன்று பலரும் மறந்துவிட்டனர்.

இரண்டாவது கதவைக் கொழும்பு சாத்தியது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் பற்றி மலையகத்தில் அறியாதார் இல்லை. அதனுடன் இரட்டைப் பிள்ளையாகப் பிறந்த 20ஆம் இலக்கக் குடிவரவாளர் குடியகல்வாளர் சட்டத்தைப் பற்றியோ நாம் பேசுவது குறைவு. முன்னையது ஒருவரைப் பிரஜை அல்லர் என்றது. பின்னையது பிரஜை அல்லாதவர் வீசாவோ அனுமதிப்பத்திரமோ இன்றி இங்கிருக்க முடியாது என்றது. பிறந்த லயத்திலேயே வாழ்ந்துகொண்டிருந்த மனிதர்கள் ஓரங்குலமும் நகராமல் வெளிநாட்டவர் ஆயினர். எல்லை அவர்கள் மீது வந்து விழுந்தது.

இதில் முஸ்லிம் வாசகர்கள் கவனிக்கவேண்டிய பகுதியொன்று உண்டு. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தின் பெயரே 'இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம்' என்பதாகும். அது தோட்டத் தொழிலாளியை மட்டும் குறிவைத்ததன்று. காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் முதலிய ஊர்களிலிருந்து வந்து கண்டி, கம்பளை, நாவலப்பிட்டிக் கடைவீதிகளில் வணிகம் செய்த இந்தியச் சோனகர்களையும் அதே வலை பிடித்தது. தற்காலிக வதிவிட அனுமதி, அதன் புதுப்பிப்பு, ஊருக்கு அனுப்பும் பணத்துக்குக் கட்டுப்பாடு என்று நெருக்குதல் வளர்ந்தது. தலைமுறை தலைமுறையாக நடந்த கடைகள் கைமாறின. ஒரு காலத்தில் குடிசன மதிப்பீட்டில் தனியொரு பிரிவாக எண்ணப்பட்ட அச்சமூகம் கண்டியின் பொதுவாழ்விலிருந்து ஓசையின்றி மறைந்தது. தோட்டத் தமிழருக்கு நேர்ந்ததைப் பற்றி நூல்கள் எழுதப்பட்டுள்ளன. இவர்களுக்கு நேர்ந்ததை எழுதியவர்கள் மிகச் சிலரே.

1949இன் சட்டத்தின் கீழ் எட்டு இலட்சத்துக்கும் அதிகமானோர் சார்பில் விண்ணப்பிக்கப்பட்டது. பிரஜாவுரிமை கிடைத்ததோ சுமார் 1,34,000 பேருக்கே. எஞ்சியோரின் தலைவிதியை 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் எழுதியது. 9,75,000 பேர் என மதிப்பிடப்பட்டோரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிகுதி 1,50,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவர் என்பது ஏற்பாடு. அந்த மிகுதியை 1974இல் இரு நாடுகளும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டன. தேயிலைப் பெட்டிகளைப் பங்கிட்டாற்போல் மனிதர்கள் பங்கிடப்பட்டனர் என்று சொன்னால் மிகையாகாது.

அவ்வாறு பங்கிடப்பட்டவர்களின் கோப்புகள் நகர்ந்த இடம் கண்டியிலுள்ள உதவி இந்தியத் தூதரகமே. கலஹாவிலிருந்தும் தெல்தோட்டையிலிருந்தும் புசல்லாவையிலிருந்தும் மட்டுமல்ல, நுவரெலியா, பதுளை மாவட்டங்களிலிருந்தும் கூட்டங்கூட்டமாக வந்து அவர்கள் இங்கு காத்துக்கிடந்தனர். இந்தியக் கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் கைக்கு வந்ததும் இலங்கையில் அவர்களது இருப்பு வீசாக் காலத்துக்கு உட்பட்டதாயிற்று. தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச்சென்ற புகையிரதத்துக்கு மலையக மக்கள் இட்ட பெயர் 'ஒப்பாரிக் கோச்சி'. வாக்களித்தவர், விண்ணப்பித்தவர், அழுதவர் எல்லோரும் ஒரே மேடையில் நின்ற அந்நாட்களைப் பற்றி மேலும் எழுதவேண்டியதில்லை.

ஆனால் அந்தக் கதையின் பிற்பகுதி போதியளவு பேசப்படவில்லை. 1984இல் தலைமன்னார் - இராமேஸ்வரம் கப்பற்சேவை நின்றபோது, இந்தியக் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு புறப்படமுடியாமல் இங்கேயே தங்கிவிட்டவர்கள் சுமார் 84,000 பேர். நாடற்றவர்களுக்கான 1986, 1988ஆம் ஆண்டுச் சட்டங்கள் இவர்களுக்கு உதவவில்லை. ஏனெனில் ஏட்டளவில் இவர்களுக்கு ஒரு நாடு இருந்தது. காலாவதியான வீசாவுடன், தாம் கண்டிராத நாட்டின் பிரஜைகளாக அவர்கள் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கொழுந்து பறித்தனர். இவர்களையும் உள்ளடக்கிய 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் பாராளுமன்றத்தில் எதிர்ப்பின்றி நிறைவேறியது. அவ்வாண்டு டிசம்பரில், ஐக்கிய நாடுகள் அகதிகளுக்கான உயர்ஸ்தானிகராலயத்தின் ஒத்துழைப்புடன், பத்தே நாட்களில் 1,90,000 பேர் வரை பிரஜாவுரிமை பெற்றனர். ஐம்பத்தைந்து ஆண்டு வேலையைப் பத்து நாட்களில் முடிக்கமுடியுமென்றால் தடையாயிருந்தது நிருவாகச் சிக்கலன்று என்பது தெளிவு.

போனவர்கள் போனார்கள். நீலகிரியின் கோத்தகிரி, கூடலூர்ப் பகுதிகளில் அவர்களுக்காகவே தமிழ்நாடு அரசு தேயிலைத் தோட்டங்களை அமைத்தது. அங்கே இன்றும் அவர்கள் 'கண்டிக்காரர்'தான். அண்ணன் இலங்கைப் பிரஜை, தம்பி இந்தியப் பிரஜை என்று ஒரே வீட்டில் வெட்டு விழுந்த குடும்பங்கள் இருபுறமும் உண்டு. இவ்வளவு காலமும் ஒருவர் மரணத்துக்கு மற்றவர் போவதற்கு என்ன வழி இருந்தது? 2015 மார்ச்சில் கொழும்பு வந்த இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி, புத்தாண்டுத் தினமான ஏப்ரல் 14 முதல் இலங்கையர்களுக்கு இலத்திரனியல் வீசா வசதியை அறிவித்தது உண்மையில் நன்மை பயத்தது. நாகூருக்கும் அஜ்மீருக்கும் வேளாங்கண்ணிக்கும் சபரிமலைக்கும் போவோர், சென்னைக்கும் மதுரைக்கும் சிகிச்சைக்காகச் செல்வோர் அதனால் பயன்பெற்றனர். 2023 ஒக்டோபர் 14ஆம் திகதி நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் ஓடத் தொடங்கி, சில நாட்களிலேயே நின்று, 2024 ஆகஸ்ட்டில் மீண்டும் ஓடியது. இவையெல்லாம் வரவேற்கத்தக்கவை. எனினும் இவை உல்லாசப் பயணிக்குத் தரப்பட்ட சலுகைகளே. ஒப்பந்தமொன்றினால் பிரிக்கப்பட்ட குடும்பத்துக்கு இரு அரசாங்கங்களும் செலுத்தவேண்டிய கடனாக எதுவும் ஒப்புக்கொள்ளப்படவில்லை.

வீசாச் சட்டம் தண்டனைக் கருவியாகவும் மாறக்கூடும் என்பதை முஸ்லிம் சமூகம் அண்மைக் காலத்தில் அனுபவித்தது. 2018 மார்ச்சில் திகனையிலும் தெல்தெனியவிலும் அக்குறணையிலும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்த சாம்பல் ஆறுவதற்குள் 2019 ஏப்ரல் வந்தது. அத்தாக்குதல்களின் பின்னர் அறுநூறுக்கும் மேற்பட்ட வெளிநாட்டவர்கள் வெளியேற்றப்பட்டதாகவும், அவர்களுள் ஏறத்தாழ இருநூறு பேர் மார்க்க அறிஞர்கள் என்றும் அப்போதைய உள்நாட்டலுவல்கள் அமைச்சர் வஜிர அபேவர்தன அறிவித்தார். அவர்கள் சட்டபூர்வமாக நாட்டுக்குள் வந்தவர்கள்; வீசாக் காலம் கடந்தும் தங்கியிருந்தமையே குற்றம். வீசா காலாவதியானவரை வெளியேற்ற அரசுக்கு உரிமை உண்டு, அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் குண்டுவைத்தவர்கள் இந்நாட்டில் பிறந்து வளர்ந்தவர்களாக இருக்க, மத்ரஸாவில் பாடம் நடத்திய வெளிநாட்டு ஆசிரியரின் வீசா முத்திரையைப் பூதக்கண்ணாடி கொண்டு பார்ப்பது பாதுகாப்பு நடவடிக்கையா, கண்துடைப்பா? வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் போன்ற கலாபீடங்களில் ஓதிப் பட்டம் பெற்ற ஆலிம்கள் இம்மலைநாட்டில் எத்தனையோ பேர். அறிவைத் தேடிக் கடல் கடப்பதும், கற்பிக்கக் கடல் கடந்து வருவதும் இங்கு நேற்றுத் தொடங்கிய வழக்கமல்ல.

மறுகரையிலும் அதுவே நடந்தது. 2020 ஏப்ரலில், பெருந்தொற்றின் பீதிக்கிடையில், தப்லீக் ஜமாஅத்தைச் சேர்ந்த 960 வெளிநாட்டவரின் சுற்றுலா வீசாக்களை இரத்துச் செய்து இந்தியா அவர்களைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்தது. அவ்வாண்டு ஆகஸ்ட்டில் பம்பாய் மேல் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு, தன்முன் வந்த வழக்குகளைத் தள்ளுபடி செய்து, அவர்கள் பலிக்கடாக்களாக்கப்பட்டனர் என்ற கருத்தை வெளியிட்டது. தீர்ப்பு நல்லது, ஆனால் தீர்ப்பு வருவதற்குள் மாதங்கள் கழிந்திருந்தன.

இந்த வல்லமை ஒரு மதத்தாருக்கு எதிராக மட்டும் பிரயோகிக்கப்படுவதன்று. 2014 ஏப்ரலில் கையில் புத்தரின் உருவத்தைப் பச்சைகுத்தியிருந்த பிரித்தானியத் தாதி ஒருவர் கட்டுநாயக்கவில் கைதாகி நாடு கடத்தப்பட்டார். அவர் பௌத்தத்தின் மீது பற்றுக்கொண்டவர் என்பது வேடிக்கை. அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதாக 2017 நவம்பரில் தீர்ப்பளித்த உயர் நீதிமன்றம் எட்டு இலட்சம் ரூபா நட்டஈடு வழங்கியது. இன்னொரு சம்பவம் மிக அண்மையது. போர்க்காலத்தில் தமிழகம் சென்று அகதியாக வாழ்ந்த முதியவர் ஒருவர், அகதிகளுக்கான உயர்ஸ்தானிகராலயத்தின் ஏற்பாட்டில் 2025 மே மாதம் பலாலி விமான நிலையத்தில் வந்திறங்கியபோது கைதுசெய்யப்பட்டார். அவர் செய்த குற்றம், அங்கீகரிக்கப்பட்ட துறைமுகம் அல்லாத வழியாக நாட்டைவிட்டு வெளியேறியமை. உயிருக்கு அஞ்சிப் படகேறிய மனிதன் எந்தக் கருமபீடத்தில் வரிசையில் நின்று முத்திரை பெற்றிருக்க வேண்டும்? அவரைக் கைதுசெய்யப் பயன்பட்டதும் அதே 1948ஆம் ஆண்டுச் சட்டமே. இது விடயத்தில் இந்தியா ஒரு படி முன்னே சென்றுள்ளது என்றே கூறவேண்டும்: 2015 ஜனவரி 9ஆம் திகதிக்கு முன் தஞ்சமடைந்து பதிவுசெய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு, உரிய ஆவணங்கள் இல்லாமைக்கான தண்டனை ஏற்பாடுகளிலிருந்து 2025 செப்டெம்பரில் விலக்களித்துள்ளது. ஆயினும் 2019ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைத் திருத்தச் சட்டம் அவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்ற குறை அப்படியே இருக்கின்றது.

ஆக, கட்டணத்தை உயர்த்தியமையும் ஒப்பந்தத்தை இரகசியமாகக் கொடுத்தமையும் நீதிமன்றக் கட்டளையைக் கிடப்பில் போட்டமையும் தனித்தனியான தவறுகளல்ல. அமைச்சருக்கும் கட்டுப்பாட்டாளருக்கும் அச்சட்டம் அளித்த மிகப் பரந்த தற்றுணிபு அதிகாரம் எழுபத்தைந்து ஆண்டுகளாகக் கேள்விக்குட்படாமல் வளர்ந்ததன் விளைவுகளே அவை. தோட்டத் தொழிலாளியிடம் காரணம் சொல்லத் தேவையில்லை என்று பழகிய அலுவலகம், காலப்போக்கில் எவரிடமும் காரணம் சொல்லத் தேவையில்லை என்று எண்ணத் தலைப்பட்டது. 2024இல் அது உயர் நீதிமன்றத்திடமே அவ்வாறு நடந்துகொண்டபோதுதான் பெரும்பான்மைச் சமூகமும் விழித்துக்கொண்டது.

எல்லைக் கட்டுப்பாடே வேண்டாமென எவரும் கூறப்போவதில்லை. அறுகம்பையில் சுற்றுலா வீசாவில் வந்த இஸ்ரேலியர்கள் வர்த்தகம் நடத்துவதாக எழுந்த முறைப்பாடுகளைச் சுட்டிக்காட்டி, சட்டத்தை இறுக்கமாக நடைமுறைப்படுத்துமாறு கேட்டவர்களில் முஸ்லிம்களே முன்னணியில் நின்றனர். அக்கோரிக்கை நியாயமானது. அதே நியாயம் மத்ரஸா ஆசிரியருக்கும், அகதிக்கும், காசா அழிவால் மனம் நொந்தவர்களுக்குப் பிடிக்காத ஒரு கடவுச்சீட்டை வைத்திருப்பவருக்கும் ஒரே அளவுகோலால் வழங்கப்படவேண்டும். வீசாவை மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். வெளியேற்றுமுன் சுயாதீனமான ஒருவரிடம் மேன்முறையீடு செய்ய அவகாசம் தரவேண்டும். பயணிகளின் தனிப்பட்ட தரவுகளை வெளியாரிடம் கையளிக்கும் எந்த ஒப்பந்தமும் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்கப்படாமல் கைச்சாத்தாகக்கூடாது. அகதிகள் திரும்பிவருவது தொடர்பான ஏற்பாட்டைத் திருத்தினால் மட்டும் போதாது. முழுச் சட்டமுமே புதிதாக எழுதப்படவேண்டிய காலம் கடந்துவிட்டது.

எமது மக்களும் இதே திணைக்களத்தின் வாடிக்கையாளர்கள்தான். 2024இன் பிற்பகுதியில் வெற்றுக் கடவுச்சீட்டுப் புத்தகங்கள் தட்டுப்பாடாகி, மத்திய கிழக்கில் வேலை கிடைத்தவர்களும் உம்ராவுக்கு ஆயத்தமானவர்களும் இரவிரவாக வரிசையில் நின்றனர். கண்டியில் பிராந்திய அலுவலகம் இருந்தும் பத்தரமுல்லைக்குப் பஸ் ஏறியவர்கள் எத்தனை பேர் என்பது இங்குள்ள ஒவ்வோர் ஊருக்கும் தெரியும். வெளிநாட்டவர் வந்திறங்கும் வாயிலுக்குக் காட்டப்படும் அக்கறை, எம்மவர் புறப்படும் வாயிலுக்கும் காட்டப்படவேண்டும்.

கண்டி மாவட்டத்திலிருந்து பாராளுமன்றம் சென்றுள்ள உறுப்பினர்கள், எக்கட்சியைச் சேர்ந்தவராயினும், வீசா வழக்கில் காணப்பட்ட அந்த அரிய ஒற்றுமையை இன்னொரு காரியத்துக்கும் பயன்படுத்தலாம். 1964, 1974ஆம் ஆண்டு ஒப்பந்தங்களின் கீழ் அனுப்பப்பட்டோரின் வழித்தோன்றல்களுக்கு, இருபுறமும் கட்டணமின்றிப் பலமுறை சென்றுவரக்கூடிய நீண்டகாலக் குடும்ப வீசாவொன்றை இலங்கையும் இந்தியாவும் கூட்டாக அறிவிக்கவேண்டும் என்பதே அது. ஏழு நாட்டு உல்லாசப் பயணிகளுக்குக் கட்டணத்தை விட்டுக்கொடுத்த திறைசேரிக்கு இது பாரமாக இராது. உறவை நிரூபிக்கும் ஆவணம் எங்கே என்று அதிகாரிகள் கேட்பார்கள். அன்று கண்டியில் வழங்கப்பட்ட குடும்ப அட்டைகளில் அண்ணன், தம்பி, பிள்ளைகளின் பெயர்கள் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. அவற்றின் மூலப் பதிவேடுகள் எங்கே, எந்நிலையில் உள்ளன என்பதை முதற்கண் உதவி இந்தியத் தூதரகமும் குடிவரவு குடியகல்வுத் திணைக்களமும் பகிரங்கப்படுத்தட்டும்.